தறி நின்றால் விழிக்கிறவன்

குழந்தை பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்க மாட்டேன் என்கிறது என்று யாராவது என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "முழிச்சிக்கினா நல்லதுதான், போ" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கிழவிக்கு வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நினைக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தெருவெல்லாம் போய்ப் புலம்பினேன். என் மகன் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. கேட்டது கிடைத்தது. கிடைத்த விதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே ஒரு ஊரில், நெசவுக்காரர் தெருவில், என் வீட்டுக்காரரும் நானும் குழந்தையும் மட்டும் இருந்தோம். வீடு என்றால் ஒரு கூடமும் ஒரு சமையல் மூலையும்தான். கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. குழித்தறி. குழியில் காலை விட்டு உட்கார்ந்து அவர் நெய்வார். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும் சத்தமும், பலகை வந்து அடிக்கும் சத்தமும் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, வரிசையாக இருபத்தைந்து வீட்டிலும் அதே சத்தம்தான். வெளியூர்க்காரர்கள் வந்தால் தலைவலி என்பார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் யாருக்கு என்ன ஆச்சோ என்று இருக்கும்.

என் மகன் வயிற்றில் இருந்த பத்து மாதமும் இந்தச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறான். நான் தறிக்குப் பக்கத்திலேயே இராட்டையைப் போட்டுக்கொண்டு தார் சுற்றுவேன். நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கண்டுக்குத் தார் என்று பெயர். ஒரு தார் தீர்ந்தால் அடுத்ததை மாட்ட வேண்டும். கூடையில் தார் இருக்கிற வரைக்கும்தான் அவர் நெய்ய முடியும், கூடை காலியானால் தறி நின்றுவிடும். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழித்து நான் மறுபடி இராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கஷ்டம் அப்போதுதான் ஆரம்பித்தது.

தூளியில் போட்டு ஆட்டினால் பையன் தூங்கிவிடுவான். தறி ஓடுகிறவரைக்கும் தூங்குவான். தறி நின்றதும் விழித்துக்கொள்வான். நூல் அறுந்து அதை முடிய அவர் குனிந்தால் போதும், தூளிக்குள்ளிருந்து வீல் என்று ஒரு சத்தம் வரும். நான் அவனைத் தூக்கினால் தார் சுற்ற ஆள் இல்லை. தார் இல்லாவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் பையன் தூங்க மாட்டான். எப்படிச் சுற்றி வந்தாலும் அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி. ஒரு நாளைக்கு ஆறு தடவை தூங்குவான், ஆறு தடவையும் நான் பாதி வேலையில் எழுந்து ஓடுவேன்.

"உம் புள்ள நமக்கு மேஸ்திரியா வந்துகிறான்மே. ஒரு நிமிஷம் சும்மா குந்த உடமாட்டறான்" என்று அவர் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. அடுப்பில் சோறு குழையும், தலை சிக்குப் பிடித்துக் கிடக்கும், மார்பில் பால் கட்டிக்கொண்டு விண்விண் என்று வலிக்கும். அவன் தூங்குகிற அரை மணியில் சாப்பிடுவதா, துணி அலசுவதா, தார் சுற்றுவதா, கண்ணை மூடுவதா என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். யோசித்து முடிப்பதற்குள் விழித்துவிடுவான். ஒரு நாள் தாங்க முடியாமல் தூளியைப் பிடித்து உலுக்கி, "தூங்கித் தொலையேண்டா" என்று கத்தினேன். அவன் அழுகையை நிறுத்தி என் வாயையே பார்த்தான். அப்புறம் நான் அழுதேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். நாலு பிள்ளை பெற்றவள், எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பாள். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொன்னாள். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடச் சொன்னாள். தூளிப் புடவையை மாற்றிப் பழைய புடவையாகக் கட்டச் சொன்னாள். எல்லாம் செய்தேன். அவன் அரை மணியில் எழுந்தான்.

ஊரே தூங்காமல் கிடந்த காலம் அது. ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியும், எல்லையில் இருந்த எங்கள் ஊர்களெல்லாம் எந்தப் பக்கம் என்பது தீரவில்லை. தமிழ்ப் பக்கம் வேண்டும் என்று ஒரு நாள் ஊர்வலம் போகும். தெலுங்குப் பக்கமே இருக்க வேண்டும் என்று மறுநாள் இன்னொன்று போகும். ஒரு மத்தியானம், அப்போதுதான் பையன் கண் மூடியிருக்கிறான், தெருமுனையில் கோஷம் கேட்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, வாசலில் போய் நின்றேன்.

"ஏன்யா, ஊரு எந்தப் பக்கம் போனா எனக்கின்னா? எம்புள்ள இப்பதான் தூங்கிக்கினு கீறான். வாய மூடிக்கினு போங்க!"

முன்னால் கொடி பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் திகைத்துப் போனார். பிறகு கையைக் காட்டினார். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, செருப்புச் சத்தம்கூட இல்லாமல் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அந்த வேடிக்கையைப் பார்க்க என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தறி நின்றதில் பையன் விழித்துக்கொண்டான். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள். "இது மருந்துல அடங்கற கேஸு இல்லடி. மலைக்கு வேண்டிக்க. புள்ள நல்லா தூங்குனான்னா, அவன் முடியோட உன் முடியும் சேத்துத் தரேன்னு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வை."

எனக்கு அப்போது தொடை வரைக்கும் முடி. கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்த அன்று அதைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைக்கூடத் தருகிறேன் என்று திருப்பதி இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். ஒரு மணி நேரம் போதும் பெருமாளே, அதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஐந்து மாதம் முடிந்ததும் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். முதல் நாள் சளிக் காய்ச்சல் என்று நினைத்தோம். மறுநாள் கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மாட்டு வண்டியில் புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூளைக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். பிழைத்தால் ஆச்சரியம் என்று அவர் முகமே சொன்னது. எட்டு நாள் ஊசி போட்டார். எட்டு நாளும் நான் அவனைத் தூங்கவே விடவில்லை. கண் மூடினால் எங்கே போய்விடுவானோ என்று பயந்து, கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டு, பால் குடித்தான். டாக்டர் என் தலையில் கை வைத்து, "கண்டம் தாண்டிட்டான்மா" என்றார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து மறுபடி தறி ஓட ஆரம்பித்தது. பையனைத் தூளியில் போட்டேன், தூங்கினான். அரை மணியில் கூடை காலியானது, தறி நின்றது. நான் பழக்கத்தில் ஈரக் கையோடு எழுந்து ஓடினேன். தூளி அசையவில்லை. புடவையை விலக்கிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு நன்றாக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் குழியிலிருந்தபடியே, என்ன என்று புருவத்தைத் தூக்கினார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பூனை மாதிரி குழியிலிருந்து ஏறி வந்தார். பிள்ளை பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டில் கை படுகிற சத்தம்கூடக் கேட்காமல் சாப்பிட்டோம்.

"ஒடம்பு தேறிக்கினு வருது. அதான் அசந்து தூங்கறான்" என்று அவர் என் காதுக்குள் சொன்னார்.

"பெருமாள் கண்ணத் தொறந்துட்டாருங்க" என்று நான் அவர் காதுக்குள் சொன்னேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் தூங்கினான். தறி ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், தலையை நிதானமாகச் சிக்கெடுத்தேன். மத்தியானத்தில் நானும் ஒரு தூக்கம் போட்டேன். உடம்பில் சதை பிடித்தது. அக்காவிடம் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். "உன் கடைசிப் புள்ள இன்னும் பேய் மாதிரி கத்திக்கினு கீது, எங்க வூட்டு ராஜாவப் பாரு" என்று அவளையே கேலி பேசினேன். இந்த வயதில் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏழு மாதம் உங்களுக்குத் தெரியவில்லையா என்று பிற்பாடு கேட்காதவர்கள் இல்லை. டாக்டர் கேட்டார், என் தாய்வீட்டில் கேட்டார்கள். தறி வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். அந்தச் சத்தத்தில் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், கூப்பிட்டாலும் கேட்காது. பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவோம். சாப்பிட வா என்பதற்கும் விரல், தார் கொடு என்பதற்கும் விரல். கைக்குழந்தையையும் அப்படியேதான், கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டுத் திருப்புவோம். தொட்டதும் அவன் திரும்பினான், முகத்தைப் பார்த்துச் சிரித்தான், தவழ்ந்தான், பிடித்துக்கொண்டு நின்றான். முன்னால் இருந்த மழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. அமைதியான பிள்ளை என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நல்ல பேராகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்தில் எல்லை முடிவாகிவிட்டது. என் தாய்வீடு இருந்த திருத்தணிப் பக்கம் மதராசோடு போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம். அக்கம்பக்கத்தில் சில வீடுகள் துக்கம் நடந்த வீடு மாதிரி கிடந்தன. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது, வேண்டுதலைச் செலுத்த வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. புத்தூரில் ரயிலேறி, ரேணிகுண்டாவில் மாறி, திருப்பதிக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலைக்குப் போனோம். வழியெல்லாம் பையன் என் மடியில் தூங்கினான். ரயில் ஊதியது, பஸ்ஸில் கோவிந்தா கோவிந்தா என்று ஜனம் கத்தியது, அவன் அசையவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "எவ்ளோ நல்ல புள்ள" என்றாள். வேண்டிப் பெற்ற தூக்கம் என்று நான் அவளிடம் முழுக் கதையையும் சொன்னேன்.

முடி எடுக்கிற இடத்தில் முதலில் என் முடியைக் கொடுத்தேன். மடியில் விழுந்ததைப் பார்த்து எனக்குத் துளி வருத்தம் இல்லை. பிறகு பையனை மடியில் வைத்துக்கொண்டேன். நாவிதருக்கு ஐம்பது வயது இருக்கும், தெலுங்குக்காரர். ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைத் தலையைப் பார்க்கிறவர்! அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. குழந்தையின் தலையைப் பிடித்துத் திருப்பினால் அது முரண்டு பிடிக்கும், கத்தி பட்டுவிடும். அதனால் இடது காதுப் பக்கம் விரலைச் சொடுக்குவார்கள். குழந்தை என்னவோ என்று இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் மழித்துவிடுவார்கள். பிறகு வலது பக்கம் சொடுக்குவார்கள்.

அவர் இடது பக்கம் சொடுக்கினார். பையன் என் மொட்டைத் தலையையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் சொடுக்கினார். நாக்கால் டொக் டொக் என்றார். கிண்ணத்தைக் கத்தியால் தட்டினார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பையனுக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் பளீரென்று தட்டினார். அங்கிருந்த எல்லாக் குழந்தைகளும் திரும்பிப் பார்த்தன. என் மகன் திரும்பவில்லை.

"ஏமம்மா, பிட்டகி செவுலு வினிபிஸ்தாயா?" என்று மெதுவாகக் கேட்டார். பிள்ளைக்குக் காது கேட்குமா என்று.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னாய்யா பேசற? அவன் நல்லா தூங்கற புள்ள. எந்தச் சத்தத்துக்கும் எழுந்துக்க மாட்டான்" என்றேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை என் வாயில் நின்றுவிட்டது. நாவிதர் பையனின் தாடையைத் தொட்டு, மெதுவாகத் திருப்பித் திருப்பி, ஒரு கீறல் இல்லாமல் மழித்து முடித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் பையனின் காதருகே கை தட்டிக்கொண்டே வந்தார். போதும் விடுங்கள் என்று நான் சொல்லியும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையனைத் தூங்க வைக்கச் சொன்னார். அவன் தூங்கியதும் தறியில் உட்கார்ந்து ஓட்டினார். நிறுத்தினார். தூளியைப் பார்த்தார். மறுபடி ஓட்டினார், மறுபடி நிறுத்தினார். எத்தனை தடவை என்று தெரியாது. நெய்த துணி எல்லாம் கோணிப்போனது. கடைசியில் பலகையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "எழுந்திருடா நைனா, எழுந்திருடா" என்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா ஓடிவந்து வாசலில் நின்றாள்.

திருப்பதியில் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். மதராசுக்கும் போனோம். காய்ச்சல் எடுத்துக்கொண்டு போய்விட்டது, முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று இரண்டு பேருமே சொன்னார்கள். "எலும்பு முறிஞ்சா புத்தூர்ல கட்டு போட்டுக்கலாம், இதுக்கு எங்க போறது" என்று மட்டும் வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காய்ச்சலுக்கு நான் என்ன செய்வேன், அது வந்தது. ஆனால் அந்த ஏழு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் காது போனதற்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலைமுடியும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

என் தலையில் முடி முளைத்துக் கழுத்து வரைக்கும் வந்திருந்த சமயம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். தெலுங்கு வாத்தியார், தமிழும் நன்றாகப் பேசுவார். வாசலில் முக்காலி போட்டுக் கொடுத்தேன். என் மகன் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டார்.

"மாத்ருபாஷை? அதாம்மா, வீட்டுப் பேச்சு?"

"தமிழ்தான் சார். எனக்கும் அவருக்கும்."

"பையனுக்கு?"

நான் முந்தானையால் பையனின் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

"இன்னும் பேச்சு வரலயாம்மா? பரவால்ல. பேசாத கொழந்தைக்கு அம்மா பாஷையே எழுதிக்கலாம், அதான் ரூலு."

"பேச மாட்டான் சார்" என்றேன். "அவனுக்குக் காது கேக்காது."

தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் என் வாயால் நான் அதைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. வாத்தியார் பேனாவை நிறுத்தினார். பையனின் தலையைத் தடவினார். பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்படிப்பட்டவங்களுக்கும் அதே ரூல்தாம்மா. தாய் என்ன பேசறாங்களோ அதுதான் அவங்க பேச்சு" என்று சொல்லி, தமிழ் என்று எழுதிக்கொண்டார்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனபிறகு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதம் அவன் காதில் என் பேச்சு விழுந்திருக்கிறது. தமிழில் எத்தனையோ பேச்சு இருக்க, அந்த ஐந்து மாதமும் நான் அவனிடம் என்ன பேசினேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். கண்ணே என்றோ ராஜா என்றோ எப்போதாவது சொல்லியிருப்பேன். மற்ற நேரமெல்லாம் தூங்கு, தூங்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.